அந்த அரை மணித்தியாலத்தைக் குறை

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை சரிவந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோசம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான், மற்றபடி சுகம். வலியென்றாலும் செவ்வாய் வந்தால் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போயே தீருவேன் என்று நிற்பார். 2019 ஈஸ்டர் ஞாயிறு அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகும் அந்தக் கோயில் வாசலை அவர் விடவில்லை.

செபத்தில் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். விடியற்காலையில் அரை மணித்தியாலம் முழந்தாளிட்டாலும், மனம் இடியப்பத்துக்கும் சின்னவனின் பள்ளிக்கூட வானுக்கும் ஓடுகிறதாம். ஓடாமல் என்ன செய்யும்? அந்த அரை மணித்தியாலத்தைக் குறை. அது கன்னியர் மடத்துக்குச் சரி, உன் வீட்டுக்குச் சரிவராது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துக் குசினியில் சமைத்த லாரன்ஸ் சகோதரருக்குச் சட்டி பானை நடுவிலும் கடவுளோடு பேச முடிந்தது. துறவிக்கே அப்படியென்றால் நமக்கென்ன?

என் செபமாலை இப்போது 100ஆம் இலக்க பஸ்ஸில்தான். பத்து மணி வைத்த மோதிரம் ஒன்று விரலில் கிடக்கிறது. பெருவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டு போவேன். பம்பலப்பிட்டி நெரிசலில் கண்டக்டர் மிச்சக் காசு தர வருவார், எந்த மணியில் நின்றேன் என்பது மறந்துபோகும். தொட்ட மணியிலிருந்து தொடருவேன். மாதா கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை.

பகல் 12 மணிக்குக் கந்தோரில் போன் மெல்ல அதிரும், மூவேளைச் செபத்துக்கு. சற்று நேரத்தில் பக்கத்து மேசைச் சகோதரி தொழுகைக்கு எழும்புவார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

இரவில் செய்கிற ஆன்ம சோதனையைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நமக்கு அது வெறும் பாவக் கணக்கு, பயந்து பயந்துதான் படுப்போம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஒழுங்கோ நன்றியில் தொடங்குகிறது. அப்புறம் உள்ளதை உள்ளபடி பார்க்க அருள் கேட்பது, அதன் பிறகுதான் அன்றைய நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகத் திருப்பிப் பார்ப்பது. மன்னிப்பும் நாளைக்கான தீர்மானமும் கடைசியில். நேற்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது, கீழ்வீட்டுச் சிங்கள அம்மா எங்கள் கதவில் கொழுவிவிட்டுப் போன முருங்கைக்காய்ப் பை. காலையில் அதை எடுத்துக் குசினியில் வைத்தபோது மனதில் ஒன்றுமே படவில்லை.

மூச்சைக் கவனி, மனதை வெறுமையாக்கு என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். குற்றமில்லை. ஆனால் நமக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார் தானே, அவரோடு இரண்டு வார்த்தை பேசாமல் மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க எனக்கு வராது.

அந்த மோதிரம் உனக்கும் ஒன்று வாங்கி அனுப்பவா? விரல் அளவை எழுது. நத்தாருக்கு வருகிறாயா என்பதையும் சொல்லு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி