கிழமையை எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வாங்கும் பெரியவர்கள் சிலர், இங்கே சாட்ஸ்வர்த்தில், "வலி குறையவே இல்லை" என்று ஒரே மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மனம் பதைக்கிறது. அது வலி மாத்திரை அல்ல. மூட்டுகளை அரிக்கும் நோயையே மெல்ல அடக்குவது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் புற்றுநோய்க்காக உருவாக்கிய மருந்து இது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் உதவுகிறது.

சரி, இதைவிட அவசரமான ஒன்று: மூட்டுக்கு என்றால் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. டர்பன் மருந்தகங்கள் எந்தக் கிழமை என்பதை உறையில் பெரிதாக எழுதித் தரவேண்டும். வாங்குபவரிடம் வாய்விட்டும் சொல்லவேண்டும்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்