இரவெல்லாம் ஓடிய நிரலை நிமிடங்களுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

பதிவுகளைச் சரிபார்க்க, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய எங்கள் ஸ்கிரிப்ட் இரவெல்லாம் ஓடியும் சில நாள் விடியும்போது முடிந்திருக்காது. இப்போது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதற்குக் காரணமானவர்களில் கொஞ்சம் பேர்தான் எனக்கு நேரில் தெரிந்தவர்கள். மற்றவர்களை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் குழுவின் மூத்த நிரலாளருக்கு. நிரலைத் திறந்து காட்டப் போனபோது அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "நேரம் எங்கே போகுதுன்னு அளந்தாச்சா தம்பி? அளந்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். பைத்தானோடு கூடவே வரும் சிப்ரொஃபைல் (cProfile) என்ற, நேரம் அளக்கும் கருவியை எப்படி ஓட்டுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு ஃபங்ஷன் (நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பகுதி) தனக்குள்ளேயே செலவழித்த நேரம் அதில் தனியாக வரும். அது கூப்பிட்ட மற்ற ஃபங்ஷன்களையும் சேர்த்த நேரம் தனியாக வரும். முதலாவதை வைத்து வரிசைப்படுத்தினோம். நாங்கள் எல்லோரும் சந்தேகப்பட்ட கணக்குப் பகுதி கீழே போய்விட்டது. 'இந்த எண் ஏற்கெனவே வந்ததா' என்று மட்டும் பார்க்கும் ஒரு குட்டி ஃபங்ஷன் உச்சியில் நின்றது.

அந்தக் குட்டி ஃபங்ஷனுக்குள் என்ன நடக்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிய நண்பரே, உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. வந்த எண்களையெல்லாம் ஒரு லிஸ்ட்டில் சேர்த்து வைத்திருந்தோம். லிஸ்ட்டில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் பைத்தான் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். புது எண்ணாக இருந்தால் கடைசி வரை போய்த்தான் 'இல்லை' என்று சொல்லும். 1 லட்சம் வெவ்வேறு எண்கள் வந்தால் மொத்தம் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள். 1,000 எண்கள் என்றால் வெறும் 5 லட்சம். சின்ன டேட்டாவில் ஓட்டிப் பார்த்தவரை இது கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். பைத்தானில் செட் என்று இன்னொரு சேமிப்பு வகை உண்டு, அது அப்படித் தேடுவதில்லை. எண்ணிலிருந்து ஹாஷ் என்ற ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அது இருக்க வேண்டிய இடத்தை நேராகப் போய்ப் பார்க்கிறது. லிஸ்ட்டை எடுத்துவிட்டு செட் போட்டோம். மாறியது இரண்டே வரி, இரவு மொத்தமும் மிச்சமானது.

பெயர், முகவரியெல்லாம் நீக்கி, முழு அளவு டேட்டாவைப் பொறுமையாகத் தயார் செய்து தந்த சக ஊழியருக்கும் இந்த இடத்திலேயே நன்றி. அது இல்லாமல் அளந்திருந்தால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்த முறை அளந்தபோது கணக்குப் பகுதி மேலே வந்தது. அங்கே எங்களைக் காப்பாற்றியது நம்பை (NumPy) என்ற, எண் கணக்குகளுக்கான பைத்தான் நிரல் தொகுப்பு. பைத்தானில் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி ஆப்ஜெக்ட். இரண்டைக் கூட்ட வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் இது என்ன வகை, அது என்ன வகை என்று பார்த்த பிறகுதான் கூட்டல் நடக்கும். நம்பை ஒரே வகை எண்களை, பொதுவாக ஆளுக்கு 8 பைட் என்று மெமரியில் ஒட்டி ஒட்டி அடுக்கி, லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப நடக்கும் வேலையை, சி மொழியில் ஓட்டுகிறது. 1995-இல் நம்பையின் முன்னோடியான நியூமெரிக்கை எழுதிய ஜிம் ஹுகுனின், பிரிந்து கிடந்த முயற்சிகளை ஒன்றாக்கி 2006-இல் நம்பை 1.0-ஐக் கொண்டுவந்த டிராவிஸ் ஆலிஃபன்ட், அன்றிலிருந்து அதைப் பேணிவரும் எல்லோருக்கும் என் நன்றி. எங்களைப் போன்றவர்கள் சி பக்கமே போகாமல் சியின் வேகத்தை அனுபவிப்பது இவர்கள் உழைப்பால்.

இன்னொருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேகம் கிடைத்த சந்தோஷத்தில் நாங்கள் இருந்தபோது, பழைய விடையையும் புது விடையையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, "கடைசி தசம இடங்கள் மாறுதே, ஏன்?" என்று கேட்டு நிறுத்தியவர் அவர். காரணத்தையும் அவரே தேடி எடுத்தார். எங்கள் லூப் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டியது. நம்பையோ பெரிய வரிசையைப் பகுதி பகுதியாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைகளைப் பிறகு சேர்க்கிறது. அதில் தோராயப் பிழை பொதுவாகக் குறைவு. புது விடைதான் சரியான விடைக்கு நெருக்கம் என்று உறுதியான பிறகே நிரல் வெளியே போனது. தப்பான விடை வேகமாக வந்து யாருக்கு என்ன பயன்? வேகப்படுத்தும் வேலையில் மிகவும் மதிப்புள்ள பங்கு இவருடையது என்றே நான் நினைக்கிறேன்.

2022-இல் வந்த பைத்தான் 3.11-க்கு மாறியதில் இன்னும் கொஞ்சம் வேகம் சும்மாவே கிடைத்தது. பைத்தான் குழுவின் சொந்த அளவீட்டில் அது 3.10-ஐ விடச் சராசரியாக 1.25 மடங்கு வேகம். அடிக்கடி ஓடும் இடங்களைக் கவனித்து, அங்கே வரும் வகைக்கு ஏற்ப நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் தானே தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்த மாற்றத்தை முன்னெடுத்த மார்க் ஷானனுக்கும் அவரோடு உழைத்தவர்களுக்கும் நன்றி.

இப்போது அளந்தால் பெரும்பங்கு நேரம் கோப்புகளை டிஸ்க்கிலிருந்து படிப்பதில்தான் போகிறது. அதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த என்னை, "சரி, போதும். இதுக்கு மேல சிக்கலாக்கினா நாளைக்கு வர்றவங்களுக்குப் படிக்கப் புரியாது" என்று தடுத்ததும் அதே மூத்த நிரலாளர்தான். அதற்கும் நன்றி.

அன்புடன்,
உங்களால் பயன்பெற்ற ஒரு நிரலாளர்