நாலு கம்பி போதும், கயல்

சுங்கை சிப்புட்

அன்புள்ள கயல்,

எந்த பேஸ் கித்தார் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். அந்த ஐந்து கம்பி பேஸை மறந்துவிடு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கழுத்து அகலம், ஐந்தாவது கம்பிக்கு உன்னிடம் இப்போது வேலையும் இல்லை. நாலு கம்பி பேஸில் தடித்த கம்பி இ, 41 ஹெர்ட்ஸ். அதற்கடுத்து ஏ, டி, ஜி. ஐந்தாவதாகச் சேரும் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். சின்ன ஒலிப்பெட்டியில் அது சுரமாகக் கேட்காது, வெறும் உறுமல்தான். பாடகர் ஒரு கட்டை, இரண்டு கட்டை சுருதியில் பாடினால் அடியில் சியும் டியும் தேவைப்படும் என்று மேடைக்காரர்கள் அதை வைத்திருக்கிறார்கள். நீ ஏ கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃபிரெட்) சி பிடித்துக்கொள், தாராளம்.

மற்ற இரண்டில், குட்டைக் கழுத்தா ஜாஸ் வகையா என்று உன் கைதான் சொல்ல வேண்டும். வழக்கமான பேஸில் கம்பி நீளம் 34 அங்குலம். கடையில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டிலும் சுண்டு விரலை மூன்றாம் ஃபிரெட்டிலும் வை. கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் நடுவில் இருக்கட்டும். ஒரு பாட்டு முடியும்வரை அப்படியே மாற்றி மாற்றி அழுத்து. மணிக்கட்டு மடங்கி வலித்தால் குட்டைக் கழுத்தே எடு. ஸ்குவையர் பிராங்கோ 30 அங்குலம், இபனேஸ் மைக்ரோ 28.6. குழந்தைகள் வாசிப்பது என்று கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வலிக்கவில்லை என்றால் ஜாஸ் வகை எடு. அதன் கழுத்து தலைப்பக்கம் 38 மில்லிமீட்டர் அகலம்தான். பிரசிஷன் வகையில் 41க்கு மேல் போகும்.

ஜாஸ் வகையில் இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்), இரண்டு வால்யூம். ஒன்றை மட்டும் குறைத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். அது பழுதில்லை, இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் முதலில் வேண்டாம். வாசித்து முடித்ததும் வயரைக் கழற்ற மறந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோகும்.

பழையது வாங்கத் தயங்காதே, ஆனால் கழுத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதே. சுருதி சேர்த்தபின் இ கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்து. ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கு அடியில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அளக்கக் கருவி தேவையில்லை. அகூஸ்டிக் கித்தாரின் 12 எண் செட்டில் மெல்லிய முதல் கம்பி அதே தடிமன்தான், ஒரு துண்டை நுழைத்துப் பார். இடைவெளியே இல்லையென்றால் முதல் நாலைந்து ஃபிரெட்டில் கம்பி கரகரக்கும். அதிகமாக இருந்தால் நடுவில் அழுத்தவே கை நோகும். இரண்டுக்கும் மருந்து கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு. வலப்பக்கம் திருகினால் இடைவெளி குறையும், இடப்பக்கம் கூடும். ஒரு முறைக்குக் கால் சுற்றுதான், பிறகு மறுபடி சுருதி சேர்த்துச் சில மணி நேரம் விட வேண்டும். ராட் ஏற்கெனவே முழுக்க இறுகிப்போய், இன்னும் கழுத்து வளைந்தே இருக்கிறதா? எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒரு ஃபிரெட்டில் அழுத்தும்போது மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் அதற்கடுத்த ஃபிரெட் உயர்ந்திருக்கிறது, அதைப் பழுதுபார்க்கலாம். குமிழைத் திருப்பும்போது வரும் சரசரப்பு கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேள்.

கம்பி உயரம் பன்னிரண்டாம் ஃபிரெட்டில், இ பக்கம் 2.5, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர். கம்பி செட் 45–105 தடிமன், நிக்கல். மாற்றும்போது அதற்குரிய முறுக்காணியைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, முதலில் கம்பியை மடக்கிவிட்டுப் பிறகே வெட்டு. நேராக வெட்டினால் வெளிச்சுற்று உள்கம்பியில் தளர்ந்து, புதுக் கம்பியே செத்த மாதிரி ஒலிக்கும். நம் ஊர் ஈரத்துக்கு, வாசித்ததும் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடை. காரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாதே.

ஒலிப்பெட்டிக்கு 25 வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர் போதும், ஹெட்போன் துளை இருக்கிறதா என்று மட்டும் பார். தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும்; அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பெட்டியைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வை. கேட்டுப் பழகவும் ஹெட்போன்தான், கைப்பேசி ஸ்பீக்கரில் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சாதாரணக் கித்தாரின் ஒலிப்பெட்டியில் பேஸைக் குத்திச் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும்.

வலக்கையில் ஆள்காட்டி, நடுவிரல் மாறி மாறி. கட்டை விரல் பிக்கப் மேல் ஊன்றட்டும். பேஸில் ஒலி எழுப்புவதை விட நிறுத்துவதுதான் கஷ்டம். வாசிக்காத கம்பிகளை இடக்கை விரல்கள் லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் சேர்ந்து குழம்பும்.

பாட்டு வகுப்பில் படித்த கட்டைக் கணக்கு இங்கே உதவும். நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப், இ கம்பியில் இரண்டாம் ஃபிரெட். ஐந்து கட்டை மூன்றாம் ஃபிரெட், ஆறு கட்டை ஐந்தாம் ஃபிரெட். சட்ஜம் எங்கே பிடிக்கிறாயோ, பஞ்சமம் அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃபிரெட் தள்ளி. மேல் சட்ஜம், பஞ்சமம் பிடித்த அதே ஃபிரெட்டில் அதற்கும் அடுத்த கம்பி. இந்த மூன்றையும், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, எந்தக் கட்டை சொன்னாலும் கை தானாகப் போகும்வரை வாசி. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாக ஓடும், அதற்கு உடனே தாவாதே.

தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா, ஆக்டேவ் (மேல் சட்ஜம்) சரியாக நிற்கிறதா என்று பார்த்துத் தருகிறேன். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சுரம் ஏறி நின்றால் சேடிலை (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னுக்கு. ஆலன் சாவிகள் என்னிடம் உண்டு, கம்பி மட்டும் வாங்கி வா. பஸ்ஸில் அடியில் போடாமல் உன்னோடு மேலே வைத்துக்கொள்.

அப்பா