ரேஷன் வீடு தேடி வருகிறது, பேச்சுத்துணை?

ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்து ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். வயசானவர்களின் தனிமையைப் பற்றி எழுதுகிற பலரும் பிள்ளைகளைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருப்பூரிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் கிடப்பது பிழைப்புக்காக. திட்டி அவர்களை ஊருக்குக் கொண்டுவந்துவிட முடியாது. ஊரில் இருக்கிற நாம் என்ன செய்யலாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. வயசானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரிசி, சீனி, பாமாயில் எல்லாம் வண்டியில் ஏற்றிப் போய் வாசலிலேயே எடை போட்டுக் கொடுக்கிறோம். மூட்டு வலியோடு வெயிலில் வரிசையில் நின்றவர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். நல்ல திட்டம், நின்றுவிடக் கூடாது. ஆனால் வாசல் வாசலாகப் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவர்களில் பலருக்குக் கடைக்கு வருகிற நாள்தான் ஊராரைப் பார்க்கிற நாள். "கடையில சீனி போடுதாவளாம்" என்று ஒருவர் சொன்னால் போதும், பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நாலு பேராகக் கிளம்பி வருவார்கள். சரக்கு வாங்கப் பத்து நிமிஷம், அப்புறம் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம். யார் வீட்டில் விசேஷம், யாருக்கு மேலுக்குச் சுகமில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அரிசியை வண்டியில் ஏற்றிவிட்டோம், அந்த ஒரு மணி நேரத்தை ஏற்ற முடியவில்லை.

ஒரு ஆச்சி இருக்கிறார். காலமெல்லாம் பீடி சுற்றிய கை, ரேகை தேய்ந்துவிட்டது. மிஷினில் விரலை வைத்தால் லேசில் விழாது. பெருவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்வேன். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஆச்சி பேச ஆரம்பிப்பார். கடையத்தில் வாக்கப்பட்ட மகள், மழையில் சரிந்த புறவாசல் சுவர், ராத்திரி ஓட்டு மேல் ஓடுகிற மரநாய். ரேகை விழுந்ததும் பேச்சு நின்றுவிடும். "விழுந்துட்டா?" என்று கேட்கும்போது அந்த முகம் வாடுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். "கொஞ்சம் இருந்துட்டுப் போளா, காப்பி போடுதேன்" என்பார். வண்டியில் அடுத்த தெருச் சரக்கு இருக்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார்.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்றும், அது இதய நோய், பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. எங்கள் தெருக்களில் அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் தனக்கு மட்டும் என்று ராத்திரி அடுப்பு பற்றவைக்க மனசு வருவதில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாமே என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

அன்புச்சோலை என்ற பெயரில் 25 முதியோர் பகல்நேர மையங்களை 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நகரத்துக்குச் சரி. எங்கள் ஆச்சிமார் அதற்காகப் பஸ் ஏறப் போவதில்லை. கிராமத்துக்குக் கட்டடம் தேவையே இல்லை. நடக்க முடிந்தவர்களுக்காக ரேஷன் வண்டியை ஒரு காலைப்பொழுது முழுக்க அம்மன் கோயில் கொட்டகையில் நிறுத்தலாம். முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போவோம். எது வேண்டும் என்று அவர்களையே கேட்டு முடிவு செய்யலாம். 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது, காசு கிடையாது, மனசு சரியில்லை என்றாலும் பேசலாம். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும், பட்டன் போனில் முதல் தடவை யாராவது போட்டுக் கொடுத்தால்தான் பேச வரும். முகாமுக்கு ஊருக்குள் வருகிற கல்லூரிப் பிள்ளைகள் இதைச் செய்யலாம்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். சொதிக்கு முதல் பால் எப்போது விடணும், தாத்தா காலத்தில் நம் வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணீர் வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். பிறகு பாருங்கள், போனை வைக்க மனசே வராது அவர்களுக்கு.

மாவட்ட நிர்வாகத்திடமும் கூட்டுறவுத் துறையிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். ஒரு நாளில் ஒரு வண்டி முடிக்க வேண்டிய கார்டுகளைக் குறைத்துக் கொடுங்கள், தனியாக இருப்பவர் வீட்டில் கால் மணி நேரமாவது நாங்கள் உட்கார முடியும். கடை வாசல் புளியமரத்தடியில் சாய்மானம் வைத்த சிமென்ட் பெஞ்சு இரண்டு போட ஊராட்சிக்குச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் நான் வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரேஷன் கடை விற்பனையாளர் ஒருவர்,
முக்கூடல் அருகில், திருநெல்வேலி மாவட்டம்.