செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமை அறிவியல் வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பிள்ளைகளை நம்பி அனுப்பிவைத்த பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் செய்முறை அறிவியல் வகுப்பு நடத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். மழை, திருவிழா, தேர்வு நாட்கள் போக 31 வகுப்புகள் நடந்தன. எல்லாவற்றையும் இங்கே வாசிக்கப்போவதில்லை. பிள்ளைகள் கைப்பட எழுதிய பதிவேடு மேசை மேல் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவசியம் புரட்டிப் பாருங்கள்.

முதல் வகுப்பு ஏப்ரல் 13, சித்திரை பிறப்பதற்கு முதல் நாள். நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று சித்திரைப் பிறப்பை ஒட்டி, மற்றொன்று ஆகஸ்ட் கடைசியில். பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டு, தூண்டில் நரம்பில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பு நேராக நிற்கிறதா என்று சரிபார்த்தோம். பன்னிரண்டு மணிக்கு நிழல் மறைந்துவிடும் என்றுதான் பெரியவர்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். மறையவில்லை, மேற்குப் பக்கம் மூன்று விரல்கடை நிழல் கிடந்தது. அது மெல்லச் சுருங்கி, 12 மணி 15 நிமிடம் வாக்கில்தான் கம்பின் அடியில் அடங்கியது. “அப்படியானால் கடிகாரம் தப்பா?” என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. நான் உடனே தீர்க்கரேகை, 82½ டிகிரியை வைத்து வரும் இந்திய நேரம், நாம் அதற்கு மேற்கே இருப்பது என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். சொன்னதில் பிழை இல்லை. ஆனால் கேட்ட பிள்ளையின் முகத்தில் இருந்த வெளிச்சம் என் பேச்சு முடிவதற்குள் போய்விட்டது. அது என் தவறு என்று பதிவு செய்ய விரும்புகிறேன். மே மாதச் செயற்குழுவில் ஒரு விதி எழுதினோம்: கேள்வி கேட்ட பிள்ளைக்கு அன்றே விடை சொல்லக் கூடாது, அதை எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று மட்டும் பேச வேண்டும். இந்த ஆண்டில் நாம் எடுத்த முடிவுகளில் இதையே முக்கியமானதாகக் கருதுகிறேன். கடைப்பிடிப்பதற்கு மிகக் கடினமானதும் இதுதான். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் தந்தைமார் பலர் அப்போது ஊரில் இருந்தார்கள். வலை பொத்திக்கொண்டே பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்ணி அளப்பது, முடிச்சுப் போடுவது, காற்றின் பெயர்களைத் திசையோடு சொல்வது என்று நான்கு வகுப்புகளை அவர்களே நடத்தினார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் ஆகிய நான்கையும் பிள்ளைகள் மணலில் திசை போட்டு எழுதிவிட்டார்கள். வரும் தடைக்காலத்திலும் வர வேண்டும் என்று அவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலையில் நடந்த தண்ணீர் வகுப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வடகடலும் தென்கடலும் நடந்துபோகும் தூரம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மேல்காற்றான கச்சான் வீசும் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போல் கிடக்கும். வடகாற்றான வாடையில் அப்படியே மாறும். இரண்டு கடல் தண்ணீரும் ஒன்றா, வேறா என்று ஐந்தாம் வகுப்புப் பையன் கேட்டான். விதிப்படி யாரும் விடை சொல்லவில்லை.

பப்பாளி இலைக்காம்பை ஒரு சாண் நீளத்துக்கு மேல் நறுக்கி, அடிப்பக்கத்தை மெழுகால் அடைத்து, உள்ளே சிறிய இரும்பாணிகளைப் போட்டோம். வலை ஈயம் போட்டால் சுலபம் என்றார் ஒரு தந்தை. கையில் பட்டது வாய்க்குப் போகும் வயது என்பதால் ஈயம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தண்ணீரில் விட்டால் காம்பு செங்குத்தாக நின்று மிதக்கும். கிணற்றுத் தண்ணீரில் எதுவரை அமிழ்கிறதோ அங்கே ஒரு சிவப்பு நூலைக் கட்டினோம். கடல் தண்ணீரில் விட்டதும் நூல் தண்ணீருக்கு மேலே எழும்பியது. ஒரு நெல்லின் பருமன்தான் இருக்கும். ஆனாலும் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு மாணவியின் மாமா வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறார்; அவர் உப்பு பூக்கும் பாத்தியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் விட்டபோது நூல் இரண்டு விரல்கடைக்குக் குறையாமல் மேலே வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். உப்பளத்தில் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரியில் பார்க்கும் கண்ணாடிக் கருவியையும் அவர் எடுத்துவந்திருந்தார். 25 டிகிரியை எட்டும்போது உப்பு இறங்கும் என்றார். அந்தக் கருவியும் தங்கள் பப்பாளிக் காம்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று கண்டுபிடித்தது ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை.

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நூலில் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று முறை பார்த்தோம். “நம் காம்பு காட்டவில்லை. வித்தியாசம் இருக்கிறதா என்று தெரியாது” என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். இல்லை என்று எழுதாமல் தெரியாது என்று எழுதினார்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

அதோடு முடியவில்லை. கடலுக்குச் சில அடி தூரத்தில் மணலைத் தோண்டி நம் பெண்கள் நல்ல தண்ணீர் எடுப்பது எல்லாருக்கும் தெரியும். ஊற்றை ஆழமாகத் தோண்டினால் உவராகிவிடும் என்பதும் தெரியும். இடுப்பில் தம்பியோடு வகுப்புக்கு வரும் ஒரு சிறுமி, காம்பைக் கையில் வைத்துக்கொண்டே, “ஊற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறதா?” என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை கண்ணாடிக் குவளையில் கடல்நீரை எடுத்து, நீல மை கலந்த கிணற்று நீரைக் கரண்டி முதுகில் வழியவிட்டு மெதுவாக ஊற்றினோம். நீலம் மேலேயே தங்கி நின்றது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் இப்படித்தான் தங்கியிருக்கிறது. ஊற்றில் அளவோடு அள்ள வேண்டும் என்று பாட்டிமார் சொல்வதற்கு இதுதான் காரணம். அன்று மாலையே அந்தச் சிறுமி குவளையும் மையுமாகத் தன் பாட்டியிடம் போய்ச் செய்துகாட்டியிருக்கிறாள்.

அக்டோபர் 15, டாக்டர் அப்துல் கலாம் பிறந்த நாளன்று மாலை சிறு கூட்டம் நடத்தினோம். ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறப்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும், கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளையே காட்டியிருக்கிறார். கலாம் அவர்கள் பல இடங்களில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. நாமெல்லாம் கடற்கரைக்குப் போனதைத்தான் எடுத்துப் பேசுகிறோம். அதற்கு முன்னால் ‘புரியவில்லை’ என்று பயமில்லாமல் சொல்ல அந்த வகுப்பில் இடம் இருந்திருக்கிறதே, எனக்கு அதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

நவம்பர் 20ஆம் தேதி மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் உறுப்பினர்கள் வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. பிள்ளைகள் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, 20 சென்டிமீட்டர் வரை கோடு போட்டுச் செய்த மழைமானி மூன்று வீடுகளில் இருந்தது. மூன்றும் நிரம்பி வழிந்துவிட்டன. அத்தனை அல்லலுக்கு நடுவிலும் ஒரு மூன்றாம் வகுப்பு மாணவி தன் நோட்டில் எழுதியிருந்தாள்: “20க்கு மேல். வழிந்துவிட்டது. எவ்வளவு என்று தெரியாது.”

அடுத்த வகுப்பில் இதையே எடுத்துக்கொண்டோம். முற்றத்தில் இருந்த குடம் நிறையவில்லை, அதில் அளந்திருக்கலாமே என்றான் ஒருவன். குடத்துக்கு வாய் சிறிது, வயிறு பெரிது என்றாள் இன்னொருத்தி. குடம், வாளி, ஒரு பெரிய பிஸ்கட் டின், ஒரு சிறிய பால்பவுடர் டின் நான்கையும் வரிசையாக வைத்து, பூவாளியால் மேலே சமமாகத் தண்ணீர் தெளித்தார்கள். குச்சியை விட்டு அளந்தால் பெரிய டின்னிலும் சிறிய டின்னிலும் ஒரே உயரம். குடத்திலும் வாளியிலும் வேறு வேறு. நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் எந்த அகலத்தில் இருந்தாலும் மழையைச் சரியாகக் காட்டும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். இதற்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. பாடமாகச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு சனிக்கிழமைகளும் வீண் என்று நினைப்பவர்கள் அந்த நோட்டுகளைப் பார்க்க வேண்டும்.

கரையில் ஒதுங்கிய கஞ்சிப்பாசியைக் கழுவிக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அது கட்டியாவதையும் மீண்டும் சூடாக்கினால் இளகுவதையும் தாய்மார் செய்துகாட்டினார்கள். கடற்கரையில் பொறுக்குவதைப் பற்றி ஒரு கண்டிப்பு: கடல் அட்டை, கடல்குதிரை, பவளப்பாறை மூன்றும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. பார்ப்பதும் படம் வரைவதும் போதும். பெற்றோர்களும் வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், அளக்கப் படகுத்துறையில் நட்ட கம்பு பத்து நாளில் காணாமல் போனது; அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு பாதியில் நிற்கிறது. நாம் ஒரு பள்ளிக்குக் கொடுத்த காந்தங்களும் உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் உடைந்துவிடும் என்ற அச்சத்தில் பீரோவுக்குள்ளேயே இருந்துவிட்டன. உடைந்தால் உடைந்தது என்று நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். எழுத்திலேயே அப்படிக் கொடுத்துவிட்டோம். தம்பி தங்கையைத் தூக்கி வரும் பிள்ளைகளை முதல் இரண்டு மாதம் திருப்பி அனுப்பியது நம் பிழை. அவர்களுக்கு இப்போது தனிப் பாயும் ஒரு வாளி மணலும் போட்டிருக்கிறோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு கேட்பது மூன்று: ஓதக் கம்பை இரும்புக் குழாயாக நடுவதற்கு அனுமதி, அரை மீட்டர் உயரமுள்ள நேர்ச்சுவர்த் தகர டின் பத்து, சனிக்கிழமைக்கு வரக்கூடிய இன்னும் நான்கு பேர். கடைசியாகச் சொன்னதற்குப் படிப்புத் தகுதி எதுவும் தேவையில்லை. மே மாத விதியைக் கடைப்பிடிக்கச் சம்மதம் இருந்தால் போதும்.

அடுத்து, பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்