தோட்ட டிசைன் பேக்கேஜ் பத்தின புகார்: பிளானை திருத்திக் குடுங்க, இல்ல பணத்த திருப்பித் தாங்க

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: எங்க வீட்டு தோட்ட பிளான்ல உள்ள தப்புகள், அதனால ஆன செலவு

வணக்கம் சார்,

"உங்க தோட்டத்த நீங்களே பிளான் பண்ணுங்க, எங்க டிசைனர் செக் பண்ணி ஃபைனல் பண்ணித் தருவாங்க"ன்னு நீங்க விளம்பரம் போட்ட 14,999 ரூபா பேக்கேஜ வாங்குனவ நான். வீடு முடிச்சூர் பக்கம், ஒன்றரை கிரவுண்ட் இடம், கிழக்கு பாத்த வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர் எப்படி மூழ்குச்சுன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், டிவில பாக்காதவங்க கிடையாது. அப்படிப்பட்ட ஏரியாவுல தோட்டம் போடணும்னா மொத கேள்வியே மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எங்க தேங்குதுன்னு தானே சார் இருக்கணும்? உங்க ஃபார்ம்ல எனக்கு பிடிச்ச கலர் என்னன்னு கேட்டீங்க, பாலி ஸ்டைலா கேரளா ஸ்டைலான்னு கேட்டீங்க, பட்ஜெட் கேட்டீங்க, தண்ணிய பத்தி ஒரு வார்த்தை கேக்கல, வெயில பத்தியும் கேக்கல. என் புகார் மொத்தமும் இதுல இருந்து தான் ஆரம்பிக்குது.

நான் மேப் லொக்கேஷன் அனுப்பிருந்தேன், நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிருந்தேன். ஆனா வந்த பிளான்ல ரோடு இருக்குற பக்கத்த வடக்குன்னு போட்டிருக்கீங்க. எங்க ரோடு இருக்கறது கிழக்கு. அப்போ நீங்க மேற்குன்னு நெனச்ச பக்கம் எங்களுக்கு வடக்கு, அந்த சந்துல தான் "மதியம் நல்ல வெயில் வரும்"னு எழுதி கொரியன் புல் போட சொல்லிருக்கீங்க. சென்னையில சூரியன் நேர் உச்சிக்கு வர்றது ஏப்ரல் கடைசி வாக்குல ஒரு தடவ, ஆகஸ்ட் நடுவுல ஒரு தடவ, அந்த இடைப்பட்ட மாசங்கள்ல தான் அது வடக்கு பக்கம் சாஞ்சு போகும், மத்த நாள் பூரா தெக்கு பக்கம் தான். மாடி வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவுல வடக்கு பக்கம் இருக்குற சந்துல வருஷத்துல பாதிக்கு மேல நேர் வெயிலே படாது. கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேணும்னு எந்த நர்சரில கேட்டாலும் சொல்லுவாங்க. போட்ட புல்லு இப்ப அடில மஞ்சளாகி, கையால இழுத்தா பாய் மாதிரி மண்ணோட உரிஞ்சு வருது, கீழ ஒரே பாசி. அந்த எடத்துல மருள், பெரணி, வெத்தல கொடின்னு சொல்லிருந்தா செலவும் கம்மி, செடியும் இருந்திருக்கும்.

அடுத்தது வேப்பமரம். பின்பக்கம், மேக்கு மூலைல பெரிய வேப்பமரம் நிக்குது, நான் அனுப்புன போட்டோல தெளிவா தெரியுது. உங்க பிளான்ல அது இல்லவே இல்ல, அந்த எடத்துல சிமென்ட் தளம் போட்டு உக்காருற மேடை வரஞ்சு வச்சிருக்கீங்க. மத்தியானம் ரெண்டு மணில இருந்து எங்க சமையக்கட்டு சுவர காப்பாத்துறதே அந்த மரம் தான், மே மாசத்துல அந்த சுவர தொட்டுப் பாத்தா அது நிழலோட அருமை புரியும். எங்க மாமியார் அதுக்கு மஞ்சள் குங்குமம் வச்சு கும்பிடுறாங்க. அவங்க கிட்ட இந்த பிளான காட்டவே எனக்கு மனசு வரல. மரத்த வெட்டாம அத நடுவுல வச்சு சுத்தி பிளான் பண்றதுக்கு தானே சார் டிசைனர்னு ஒருத்தர் வேணும்?

தண்ணி விஷயம் தான் எல்லாத்துக்கும் மேல. முன்பக்கம் முழுக்க பேவர் பிளாக், அதுல சரிவு எந்தப் பக்கம்னு பிளான்ல ஒரு அம்புக்குறி கூட இல்ல, லெவல் நம்பர் மட்டும் எழுதிருக்கு, அந்த நம்பர் படி பாத்தா கேட் பக்கம் உசரம், வாசப்படி பக்கம் பள்ளம். மேஸ்திரி டியூப் லெவல் வச்சு பாத்துட்டு "இப்படி போட்டா தண்ணி உள்ள வரும்மா"ன்னு அன்னைக்கே சொன்னார். நான் உடனே உங்க சப்போர்ட்டுக்கு போன் பண்ணேன், "அப்ரூவ் ஆன டிசைன் மேடம், அப்படியே போடுங்க, மாத்துனா எங்க கியாரண்டி வராது"ன்னு சொன்னாங்க. பத்தடிக்கு ஒரு ஒண்ணேகால் இன்ச்சாவது வீட்ட விட்டு வெளிய சரிவு இருக்கணும்ங்கறது மேஸ்திரிக்கு தெரிஞ்சது உங்க டிசைனருக்கு தெரியலயா? ஐப்பசி மழை ஆரம்பிச்ச மொத வாரமே வாசப்படி வரைக்கும் தண்ணி நின்னுச்சு, வராண்டால இருந்த செருப்பு ஸ்டாண்டு மெதக்குது.

இதுல இன்னொன்னு, வீடு கட்டும்போதே நாங்க போட்ட ஜல்லி நெரப்புன மழைநீர் குழி முன்பக்கம் தான் இருக்கு. தமிழ்நாட்டுல 2003ல இருந்தே எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்க பிளான்ல சரியா அந்தக் குழி மேல ஃபவுண்டன். நல்ல வேளை, அத நாங்க கட்டல.

செடி லிஸ்ட்டுக்கு வர்றேன். முன் காம்பவுண்ட் ஓரம் முழுக்க கோனோகார்பஸ் வேலி, அது கீழ தான் எங்க குடிதண்ணி பைப்பு போகுது. அந்த மரத்தோட வேர் பைப்ப ஒடைக்குதுன்னும், பூ தூள்னால சளி, மூச்சிழுப்புன்னு தொந்தரவு வருதுன்னும் தான் குஜராத்ல 2023லயே தடை பண்ணாங்க, 2025ல தமிழ்நாடு அரசும் தடை போட்டாச்சு. நர்சரிக்காரர் லிஸ்ட்ட பாத்துட்டு "இத நான் தர முடியாதும்மா"ன்னுட்டார். அரசாங்கம் வேணாம்னு சொன்ன மரத்த காசு வாங்கிட்டு எழுதிக் குடுக்கறது எனக்கு ரொம்ப கோவமா வந்த விஷயம், வீட்டுல ஆஸ்துமா இருக்குற புள்ள இருக்கு சார். அப்புறம் ரெண்டு தென்னைய எட்டடி இடைவெளில வச்சிருக்கீங்க, தென்னைக்கு 25 அடி விடணும். பூஜைக்கு செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி வேணும்னு நான் எழுதிருந்தேன், அதுல ஒண்ணு கூட லிஸ்ட்ல இல்ல.

நான் கேக்கறது இது தான். ஒங்க ஆள் ஒருத்தர் நேர்ல வந்து, டேப் வச்சு அளந்து, திசை பாத்து, லெவல் பாத்து, வேப்பமரத்தையும் மழைநீர் குழியையும் பிளான்ல வச்சு புதுசா போட்டுக் குடுக்கணும். பேவர் பிளாக்க எடுத்து திரும்ப சரிவு பாத்து போடுற கூலியும் புல்லுக்கு ஆன காசும் நீங்க தான் குடுக்கணும், பில் எல்லாம் இந்த மெயில்லயே வச்சிருக்கேன். அது முடியாதுன்னா 14,999 ரூபாயோட அந்த செலவையும் சேத்து 15 நாளுக்குள்ள திருப்பித் தாங்க, இல்லன்னா செங்கல்பட்டு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு குடுக்கறதா இருக்கோம். எது பண்ணாலும் பண்ணலன்னாலும் உங்க ஆப்ல இருக்குற செடி லிஸ்ட்டுல இருந்து கோனோகார்பஸ இன்னைக்கே எடுத்துடுங்க. ஏற்கனவே அத எழுதி வாங்கிட்டுப் போன மத்த கஸ்டமர் எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பி சொல்லுங்க.

இப்படிக்கு,
முடிச்சூர் வாடிக்கையாளர்