அந்த விளக்கை அவன் குறைக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கேஸ்லைட்’ (1944) படம் குறித்த கட்டுரையில், மனைவியைப் பைத்தியமாக்கக் கணவன் வேண்டுமென்றே வாயு விளக்கை மங்க வைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். படத்தில் நடப்பது வேறு.

இரவில் வெளியே கிளம்பும் கணவன் கிரகரி (சார்லஸ் போயர்), அருகிலுள்ள காலி வீட்டின் கூரை வழியாகத் தன் வீட்டு மேல்மாடி அறைக்கே வந்துசேர்கிறான். கொலையுண்ட பாடகியின் நகைகளைத் தேட அவனுக்கு அங்கே வெளிச்சம் வேண்டும். வீட்டு விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பிலிருந்துதான் வாயு வருகிறது. மேலே ஒன்றைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. கீழே மனைவி பௌலாவின் (இங்க்ரிட் பெர்க்மன்) அறையில் சுடர் தாழ்கிறது. ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) காணாமல் போவதும் சுவர்ப் படம் மறைவதும் அவன் செய்யும் சூழ்ச்சிகள். விளக்கு மங்குவது அவன் கவனிக்காமல் விட்ட தடயம். துப்பறிய வந்த கேமரன் (ஜோசப் காட்டன்) சுடர் தாழ்வதைத் தானும் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்புவது இதனால்தான். அதுவரை அவள் பக்கம் சாட்சியே இல்லை; சமையல்காரிக்குக் காதும் சரியாகக் கேட்காது.

பேட்ரிக் ஹாமில்டனின் மூல நாடகத்தில் (1938) இது இன்னும் கச்சிதம். ஒரே அறை, ஒரே மாலைப்பொழுது. அவன் போன சற்று நேரத்தில் வெளிச்சம் குறையும். திரும்புவதற்குச் சற்று முன் கூடும். இத்தாலிக் காதல் காட்சிகளெல்லாம் படத்துக்காகச் சேர்த்தவை. துப்பறிபவரும் நாடகத்தில் வயதானவர். அவரை இளைஞராக்கியதில் படத்துக்கு நஷ்டமே.

மேடையேற்றும் குழுக்கள் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். வெளிச்சத்தைச் சட்டென்று இறக்கினால், காட்சி முடிந்ததென்று அரங்கம் கைதட்டிவிடும். சுவர் விளக்கை மட்டும் இறக்கி, மேலிருந்து விழும் ஒளியை அப்படியே விட்டால் பொம்மை விளக்கு என்பது அம்பலமாகிவிடும். இரண்டையும் டிம்மரில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சேர்த்து, மெதுவாக இறக்க வேண்டும். முகம் தெரிகிற அளவில் நிறுத்திவிட வேண்டும். நடிகை முன்கூட்டியே விளக்கைப் பார்க்கவே கூடாது. பார்வையாளர்களில் பாதிப் பேராவது கவனித்த பிறகு அவள் தலை திரும்பட்டும். மாடியில் காலடிச் சத்தம் அதற்கும் பிறகுதான். வரிசை மாறினால் வாயுக் குழாயின் கணக்கு யாருக்கும் பிடிபடாது.

இப்படிக்கு,
நாடக வாசகர் ஒருவர்